கூழை தாங்குதல்

பனி பத்து சென்டிமீட்டர் தாண்டினால் கூப்பிடுவார்கள்.
அதுவரை அவள் போரில் இருக்கலாம்.

அவோமோரி, ஜனவரி, இரவு பதினொன்றரை.
சொடோசாகி ரிட்சு, வயது நாற்பத்தேழு,
நகராட்சிப் பனிவாரி வண்டியின் ஓட்டுநர்,
இடுப்புக்குக் கீழே வேலை உடுப்பும்
மேலே பழைய ஸ்வெட்டருமாய்
மண்ணெண்ணெய் ஹீட்டரின் முன் சம்மணமிட்டிருக்கிறாள்.
கையில் கன்ட்ரோலர்.
திரையில் ஆறு, மரப்பாலம்,
தோற்றோடும் ஒரு படை.

ஓடுகிற படையின் பின்வரிசைக்குக் கூழை என்று பெயர்.
எல்லோரும் ஓடத் தான்மட்டும் திரும்பி நின்று
அதைத் தாங்குகிறவனை
எருமை என்றார்கள் நம் பழைய ஆட்கள்.
வசை இல்லை.
சேற்றில் நிற்கும் எருமையைத் தள்ளிப் பார்த்தவருக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தின் எருமை நிராசாகி கென்பெய்.
ஒரு ஈட்டி, மூன்று மருந்துப் பொட்டலம்,
பன்னிரண்டு நிமிடம்.
எதிரே மூவாயிரம் பேர்.
நாற்பத்தொரு முறை செத்துவிட்டான்.

முதல் இருபது சாவும் அந்தச் சிவப்புப் பிடரித் தலைக்கவசத்தால்.
எதிரிச் சேனாதிபதி அவன்.
குதிரைமேல், குன்றின்மேல், கண்ணைப் பறிப்பதுபோல்
'வா, வந்து வெட்டு' என்று நிற்பான்.
போனால் பாலம் போச்சு.
அவன் தூண்டில் புழு என்று புரிய
அவளுக்கு ஒரு வாரம்.

பிறகு காதால் ஆடினாள்.
சங்கு ஊதும்போதெல்லாம்
புதுக் குதிரைப்படை இறங்குகிறது.
மொத்தம் மூன்று சங்கு.
இரண்டு முசுக்கொட்டைத் தோப்பில், ஒன்று கோயில் படிக்கட்டில்.
மூன்றையும் அடக்கினாள் ஒரு நாள்.
நிசப்தம்.
சிவப்புப் பிடரி தானே இறங்கி வந்தான்.
இருபத்தொன்பதாவது சாவு.

ஆகவே இரண்டை அடக்கு,
மூன்றாவதை ஊதவிடு.
காத்திருக்க ஒரு சத்தம் இருக்கும்வரை
பெரிய மனிதர்கள் இடத்தைவிட்டு அசைவதில்லை.

மிச்சம் ஈட்டிவரிசை.
அதற்கு வழி ஆட்டத்தில் கிடைக்கவில்லை,
ஏழாம் எண் சாலையில் கிடைத்தது.
புதிய பனியை நேராக முட்டினால்
பனி குவிந்து, இறுகி, எஞ்சின் திணறி
வண்டி நின்றுவிடும்.
தகட்டைச் சாய்க்க வேண்டும். முப்பது பாகை.
பனியை வெல்ல வேண்டாம்,
ஓரத்துக்கு அனுப்பினால் போதும்.

கென்பெய்யின் தோளை அவள் சாய்த்தாள்.
வெட்டாமல், ஈட்டிக் காம்பால், இடமிருந்து வலமாக,
நடந்துகொண்டே.
ஆட்கள் சரிந்து கரையோரம் குவிந்தார்கள்.
எழ முயன்றவர்கள்
பின்னால் வந்தவர்களின் காலை இடறினார்கள்.
பாதை ஒடுங்கி இருவர் அகலம் ஆனது.
இருவர் என்றால் சமாளிக்கலாம்.

பதினோராவது நிமிடம்.
பிரபுவின் பல்லக்கு அக்கரை ஏறிவிட்டது.
கடைசியாக ஒரு சமையல்காரன்,
தலையில் அண்டாவோடு,
விடமாட்டேன் என்று ஓடுகிறான்.
அவனும் போகட்டும்.

இனி பாலத்தை அறுக்க வேண்டும்.
நாற்பத்தொரு முறையும் கென்பெய்
அக்கரைக்கு ஓடித்தான் அறுக்கப் பார்த்தான்.
பாலத்தின் நடுவில், முதுகில், அம்பு.
இன்று அவள் ஓடவில்லை.
கயிறு இந்தப் பக்கமும்தானே கட்டியிருக்கிறது?

மூன்று வெட்டு.
பலகைகள் ஒவ்வொன்றாய் ஆற்றில்.
திரையில் 'வெற்றி' என்று எழுந்தது.
தரம்: சி.
கென்பெய்க்கு என்ன ஆயிற்று என்று காட்டவில்லை.
பிரபு அடுத்த ஊரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. பதினான்கு சென்டிமீட்டர்.

வண்டியில் இடப்பக்க இருக்கையில்
கசாய் ஷிகெமி ஏற்கெனவே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
தீயணைப்புக் குழாய், தபால்பெட்டி, புதைந்த கார்:
பார்த்துச் சொல்வது அவர் வேலை.
"தாண்டிட்டியா?"
"தாண்டிட்டேன்."
"தரம்?"
"சி."
அவர் சிரித்து, பாதி ஆரஞ்சை நீட்டினார்.
"அந்தப் பிரபுவை விட்டுட்டு ஓடினா
என்ன ஆகும்னு பார்த்தியா?"

இல்லை.
நாற்பத்திரண்டு முறையில் ஒரு முறைகூட
அது தோன்றவேயில்லை.

தகட்டை இறக்கிச் சாய்த்தாள்.
விளக்கு வெளிச்சத்துக்குள் பனி
மூவாயிரம் பேராய் வந்துகொண்டிருந்தது.
கண்ணாடியில் பார்த்தாள்:
இப்போதுதான் வாரிய சாலை
பின்னால் மறுபடி வெளுக்கத் தொடங்கியிருந்தது.
"குழாய், குழாய்" என்றார் கசாய்.
அவள் ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை ஒடித்தாள்.